பிரேக்கை மிதித்தால் கேட்பதெல்லாம் பிரேக்கின் சத்தமா?

காரின் முன்பக்க ஷாக் அப்சார்பரையோ லோயர் ஆர்மையோ லிங்க் ராடையோ வீட்டு வாசலிலேயே மாற்றி முடித்து, சக்கரத்தை மாட்டி, தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கும்போது பிரேக்கில் அதுவரை இல்லாத ஒரு சத்தம் கேட்கிறது. தெரிந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ‘பேட் போயிருக்கும், மாத்திடுங்க’ என்பது ஒன்று. ‘புதுசா மாட்டியிருக்கீங்க, ஓட ஓட செட் ஆயிடும்’ என்பது மற்றொன்று. முதல் பதில் வீண் செலவில் முடிகிறது. இரண்டாவது சில வேளைகளில் ஆபத்தில் முடிகிறது. இரண்டுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே: பிரேக்கை மிதிக்கும்போது வந்தால் அது பிரேக் பாகத்தின் சத்தம், மிதிக்காதபோது வந்தால் பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சஸ்பென்ஷன் வேலைக்குப் பிந்தைய சத்தங்களைப் பொறுத்தவரை இந்த எண்ணம் பாதிக்கு மேல் தவறு. பெடலை மிதிப்பது என்றால் நாம் கழற்றி மாட்டிய எல்லா இணைப்புகள் மீதும் ஒரே நேரத்தில் பாரம் ஏற்றுவது என்று பொருள். அந்தப் பாரத்துக்கு நகர்ந்து கொடுப்பது எதுவோ அதுதான் சத்தம் போடும். அது பிரேக்கின் பாகமாகவும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனவே தேய்ந்தது எது என்று தேடுவதற்கு முன்னால், வேலையின்போது அசைக்கப்பட்டது எது என்று கேட்க வேண்டும்.

இது ஏன் என்பதைக் காரின் கட்டமைப்பே சொல்லிவிடுகிறது. நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை கொண்டவை. முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டும் டிஸ்க் பிரேக்கும், பின்னால் டிரம் பிரேக்கும் உள்ளவை. ஸ்ட்ரட்டின் கீழ்முனை, நக்கிள் எனப்படும் கனமான உலோகத் துண்டோடு வழக்கமாக இரண்டு போல்ட்டுகளால் பிணைந்திருக்கிறது. அதே நக்கிளின் அடியில்தான் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட் மாட்டப்படுகிறது. நடுவில் ஹப் பேரிங் உட்கார்ந்திருக்கிறது. பக்கவாட்டில் கேலிப்பரின் பிராக்கெட் திருகப்பட்டிருக்கிறது. ஒர்க்‌ஷாப் கையேட்டில் பிரேக்கும் சஸ்பென்ஷனும் தனித்தனி அத்தியாயங்களாக இருக்கலாம். காரில் அவை ஒரே துண்டில் சந்திக்கின்றன. பேட் டிஸ்க்கைப் பிடிக்கும்போது பிறக்கும் விசை கேலிப்பரில் நின்றுவிடுவதில்லை. நக்கிள் வழியாக ஆர்முக்கும் ஸ்ட்ரட்டுக்கும் போய், அங்கிருந்துதான் காரின் உடலை நிறுத்துகிறது.

எவ்வளவு விசை என்று தோராயமாகக் கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். ஓட்டுநரையும் சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள காரை, புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு வேகக்குறைவோடு, அதாவது நகரத்தில் சிக்னலுக்கு நிறுத்துவதுபோல, நிறுத்துகிறோம் என்று வையுங்கள். மொத்த நிறுத்தும் விசை ஏறத்தாழ 330 கிலோ. அதில் 70 சதவீதம் முன்சக்கரங்களின் பங்கு என்றால், ஒவ்வொரு முன் டயரையும் தரை பின்னோக்கி இழுப்பது சுமார் 115 கிலோ விசையோடு. பால் ஜாயிண்ட் தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்திலும் ஸ்ட்ரட்டின் மேல்முனை 80 சென்டிமீட்டர் உயரத்திலும் இருந்தால், நெம்புகோல் கணக்குப்படி லோயர் ஆர்ம் 150 கிலோவுக்குச் சற்று மேலான விசையோடு பின்னோக்கித் தள்ளப்படும். ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட் ஏறக்குறைய 40 கிலோ விசையோடு முன்னோக்கித் தள்ளப்படும். சடன் பிரேக்கில் ஆர்ம் தாங்குவது 400 கிலோவைத் தொடும். ஆர்மின் புஷ் போல்ட் ஒரு சுற்று தளர்ந்திருந்தாலோ, பால் ஜாயிண்டின் பிஞ்ச் போல்ட் தன் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை என்றாலோ, இந்த விசை அதைச் சும்மா விடாது. ‘டொக்’ என்று ஒரு அடி விழும். ஓட்டுநரின் காலுக்கு அது பிரேக்கின் அடியாகவே தோன்றும். பேட்டை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது.

பிரேக்கில் ஒரே ஒரு ‘டொக்’ கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, அது பிடிக்கும் சத்தமா, தள்ளும் சத்தமா என்பதுதான். இதை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பார்க்கலாம். மெதுவாக முன்னே நகர்த்தி பிரேக் போடுங்கள்; பிறகு ரிவர்ஸில் நகர்த்தி பிரேக் போடுங்கள். திசை மாறும்போதெல்லாம் ஒரு முறை மட்டும் தட்டினால், முன்பின்னாக நகரும் ஏதோ ஒன்றில் ப்ளே இருக்கிறது. அது பேட் தன் பிராக்கெட்டுக்குள் நகர்வதாக இருக்கலாம், பிராக்கெட் போல்ட் தளர்ந்ததாக இருக்கலாம், ஆர்மின் புஷ்ஷாகவும் இருக்கலாம். இப்போது பிரேக்கைத் தொடாமல், முதல் கியரில் சற்று வெடுக்கென நகர்த்தி, பின் ரிவர்ஸில் அதேபோல நகர்த்திப் பாருங்கள். முன்சக்கர இழுவை என்பதால் இன்ஜினே ஆர்மை முன்னும் பின்னும் தள்ளும். கேலிப்பருக்கு அங்கே வேலையே இல்லை. அதிலும் அதே தட்டல் கேட்டால் பேட்டையும் கேலிப்பரையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது நக்கிள் வெளியே சாய்ந்து இழுபட்டிருந்தால் ஆக்ஸிலின் உள் ஜாயிண்டும் இதே மாதிரி சத்தம் போடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. இன்ஜின் தள்ளும்போது அமைதி, பிரேக்கில் மட்டும் தட்டல் என்றால் கேலிப்பர் பக்கம் திரும்பலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் முதல் வேலை ஒன்றுதான்: கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் மறுபடி சரிபார்ப்பது. ‘கைக்கு டைட்டா இருந்துச்சு’ என்பது இந்த இடத்தில் அளவே அல்ல.

ரப்பர் புஷ்களின் கதை கொஞ்சம் தனி. புஷ்ஷின் உள்குழாயை போல்ட் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆர்ம் மேலும் கீழும் ஆடும்போது ரப்பர் முறுகிக் கொடுக்கும். சக்கரம் ஜாக்கியில் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதுமே ரப்பர் நிரந்தர முறுக்கில் மாட்டிக்கொள்கிறது. பிரேக் போட்டால் காரின் மூக்கு தாழும். அந்த முறுக்கு இன்னும் கூடும். ‘கிறுக்’ என்று ஒரு முனகல் வரும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் அதே முனகல் வந்தால் சந்தேகம் உறுதி. போல்ட்டைத் தளர்த்தி, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் இருக்கும் நிலையில் மறுபடி இறுக்கினால் சத்தம் போய்விடும், புஷ் ஏற்கெனவே கிழிந்திருக்காவிட்டால். லிங்க் ராடைப் பிரேக் சத்தத்துக்காகக் குறை சொல்வது அநேகமாகத் தவறு. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதுதான் அதற்கு வேலை. பிரேக்கில் இரு பக்கமும் சேர்ந்தே தாழ்கின்றன. ஸ்ட்ரட்டின் மேல் மவுண்டில் ஸ்பிரிங் தன் படியில் உட்காராவிட்டால், நின்றபடி ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதே ‘டங்’ என்று தெறிக்கும். பிரேக் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதுவரை சொன்னது வாதத்தின் பாதி: பிரேக் போட்டால் வரும் சத்தம் சஸ்பென்ஷனுடையதாக இருக்கலாம். மறுபாதி இன்னும் முக்கியம், இன்னும் குறைவாகவே கவனிக்கப்படுகிறது. ‘பிரேக் பக்கம் கையே வைக்கலை, ஷாக் மட்டும்தான் மாத்தினேன்’ என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சக்கரத்தைக் கழற்றிய கணத்திலேயே பிரேக்கில் கை வைத்தாகிவிட்டது. பல கார்களில் டிஸ்க்கை ஹப்போடு அழுத்திப் பிடிப்பவை வீல் நட்டுகள் மட்டுமே. சிலவற்றில் ஒரு சிறிய ஸ்குரூ கூடுதலாக உண்டு. நட்டுகள் கழன்றதும் டிஸ்க் ஹப்பின் முகத்தைவிட்டு நூலளவு விலகுகிறது. நக்கிளைத் தட்டிக் கழற்றும் அதிர்ச்சியில், இரண்டுக்கும் நடுவே படிந்திருந்த துரு உதிர்ந்து அந்த இடைவெளிக்குள் விழுகிறது. பிறகு சக்கரத்தை மாட்டி இறுக்கும்போது அந்தத் துருத்துணுக்கு டிஸ்க்கைச் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறது. ஹப் முகத்தின் விட்டம் 120 மில்லிமீட்டர், டிஸ்க்கின் விட்டம் 230 மில்லிமீட்டர் என்று வைத்தால், விளிம்பில் சிக்கிய 0.05 மில்லிமீட்டர் துரு டிஸ்க்கின் ஓரத்தில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் ஆட்டமாகப் பெருகுகிறது. கார் நிறுவனங்கள் அனுமதிக்கும் பக்கவாட்டு ஆட்டம் வழக்கமாக 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஒரு தாளின் தடிமனில் பாதியளவு துருவே எல்லையைத் தொட்டுவிட்டது. கடற்கரை ஊர்களில், மழைக்காலம் கழிந்த பிறகு, துரு இந்த அளவோடு நிற்பது அரிது.

இந்த ஆட்டம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ளும் என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 165/80 R14 அளவுள்ள டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.95 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குக் கிட்டத்தட்ட மூன்று முறை சுற்றும். 40 கிலோமீட்டரில் ஆறு முறைக்குச் சற்றுக் குறைவாக. ‘சக்… சக்… சக்’ என்ற சத்தம் வேகத்தோடு இப்படியே கூடிக் குறைந்தால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை எங்கோ உரசுகிறது என்று அர்த்தம். டிஸ்க்கின் சாய்வு, ஒரு பக்கம் மடங்கிய தகரத் தடுப்பு, டயரில் சிக்கிய கல் ஆகிய மூன்றைத் தாண்டிப் போக வேண்டியிருப்பது குறைவு. வேகம் எதுவானாலும் மாறாத சத்தம், அல்லது பள்ளத்தில் மட்டும் வரும் சத்தம், இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. வைத்தியம் எளிது. டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தையும் டிஸ்க்கின் உள்முகத்தையும் வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்து, நட்டுகளைக் குறுக்கு வரிசையில் இரண்டு தவணையாக டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஒரு நட்டை மட்டும் முதலில் முழுக்க இறுக்குவதும் டிஸ்க்கைச் சாய்க்கும். இதைச் செய்யாமல் ஆட்டத்தோடு ஓட்டினால், சில ஆயிரம் கிலோமீட்டரில் பேட் டிஸ்க்கை ஒரு பக்கம் அதிகமாகத் தேய்த்து, தடிமனில் ஏற்றத்தாழ்வை உண்டாக்கிவிடும். அப்போது சத்தத்தோடு பெடலும் ஸ்டீயரிங்கும் நடுங்கத் தொடங்கும். அதன்பின் சுத்தம் செய்வது மட்டும் போதாது.

மேலே சொன்ன தகரத் தடுப்பு, டிஸ்க்குக்குப் பின்னால் சில மில்லிமீட்டர் தள்ளி நிற்கும் மெல்லிய தகடு. நக்கிளைத் தூக்கும்போது கை அதைத்தான் பிடிக்கும்; சுத்தியல் தவறினால் அதில்தான் படும். ‘சர்ர்’ என்று பிரேக்கே போடாமல் உரசும் சத்தங்களில் பெரும்பங்கு இதனுடையது. திருப்பங்களில் கூடிக் குறையவும் செய்யும். டார்ச் அடித்துப் பார்த்து, ஸ்குரூ டிரைவரால் நெம்பி விலக்கினால் வேலை முடிந்தது. திருப்பங்களில் மாறும் இன்னொரு சத்தம் பேரிங்குடையது. அது உரசாது, ‘ஊம்ம்’ என்று முழங்கும். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் பாரம் ஏறும் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகிக்கலாம்.

எஞ்சியிருப்பது கிறீச்சிடல். இங்கே என் வாதத்துக்கு எதிரான வலுவான தடை ஒன்று நிற்கிறது. யாரும் எதையும் தவறாக மாட்டாமலே டிஸ்க் பிரேக் கிறீச்சிடும். 1902-இல் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றபோதே, உலோகத்தோடு உலோகம் உரசிய அந்தக் கருவி தாங்க முடியாத கூச்சலைப் போட்டது. 1961-இல் ஸ்பர் என்ற ஆய்வாளர், உராய்வின் கோணத்தால் பேட் டிஸ்க்கில் குத்திக்கொண்டு பின் வழுக்கி விடுபடுவதே கிறீச்சிடலின் ஊற்று என்று ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். பிறகு வந்தவர்கள், டிஸ்க்கின் அதிர்வும் பேட், கேலிப்பரின் அதிர்வும் உராய்வின் வழியே இணைந்து தம்மைத் தாமே வளர்த்துக்கொள்வதாக விளக்கினார்கள். 2003-இல் கின்கெய்ட், ஓ’ரெய்லி, பாப்படோபௌலோஸ் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கிறீச்சிடலை முழுமையாக அடக்கும் வழி எதுவும் இதுவரை இல்லை என்று எழுதினார்கள். தொழிற்சாலைகளுக்கே அடங்காத ஒன்றை வீட்டில் ஷாக் மாற்றியவர் மீது சுமத்துவது நியாயமா என்று கேட்கலாம்.

நியாயமான கேள்வி. ஆனால் அதே ஆய்வுகள் சொல்லும் இன்னொன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்த அதிர்வு, தொடர்பின் சின்னச் சின்ன நிலைகளைப் பொறுத்தே விழிக்கிறது அல்லது உறங்குகிறது: பேட் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதன் முதுகில் ஒட்டும் ஷிம் தகடு இருக்கிறதா, கிளிப் அதை எவ்வளவு அழுத்துகிறது. ஸ்ட்ரட்டுக்கு வழிவிடக் கேலிப்பரைக் கழற்றும் வேலையில் மாறுவதெல்லாம் இவைதான். உள்பேட்டும் வெளிபேட்டும் இடம் மாறும். இடது சக்கரத்தின் பேட் வலதுக்குப் போகும். கிளிப் ஒன்று தரையிலேயே கிடந்துவிடும். சில கேலிப்பர்களில் இரண்டு ஸ்லைடு பின்களில் ஒன்றுக்கு மட்டும் ரப்பர் புஷ் இருக்கும். அவற்றை மாற்றிச் செருகினால் கேலிப்பர் கடகடக்கும் அல்லது இறுகும். பின்னுக்கு எந்த கிரீஸ் என்பதிலும் கவனம் வேண்டும். கையில் கிடைக்கும் சாதாரண பேரிங் கிரீஸைப் பூசினால் பெட்ரோலிய எண்ணெயில் ரப்பர் ஊதிப்போகும், பின் சிக்கும், ஒரு பேட் எப்போதும் டிஸ்க்கை வருடிக்கொண்டிருக்கும். அந்த கிரீஸ் கை வழியாக டிஸ்க்கில் பட்டாலும் பேட் அதைக் குடித்துவிட்டுக் கத்தும். ஆகவே கிறீச்சிடலுக்கு யாரும் காரணமில்லாமல் இருக்கலாம் என்பது உண்மையானாலும், நேற்று அமைதியாக இருந்த பிரேக் இன்று கத்துகிறது என்றால் நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவே மாறியதைப் பார்ப்பதே சரியான தொடக்கம்.

தற்செயல் என்ற தடையும் உண்டு. ஷாக் மாற்றும் நிலைக்கு வந்த கார் நிறைய ஓடியிருக்கும். பேட்டும் அதே வயதில்தான் இருக்கும். இரண்டும் ஒரே மாதத்தில் எல்லையைத் தொடுவதில் வியப்பில்லை. மேலும் பழைய ஷாக்கின் இரைச்சல் போனபின் அதுவரை மூடிக்கிடந்த சத்தம் வெளியே கேட்கும். இதை மறுக்கத் தேவையில்லை, ஐந்து நிமிடத்தில் சோதிக்கலாம். பேட்டின் லைனிங் 2 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும்; பிரேக் போடாதபோதுகூடக் கேட்கும், சிலவற்றில் பிரேக் போட்டால் நின்றும்விடும். லைனிங் தாராளமாக இருந்தால் தற்செயல் வாதத்தின் பெரும்பகுதி அங்கேயே உதிர்ந்துவிடுகிறது. எந்தப் பக்கம் என்பதைக் காது தனியாகச் சொல்லாது. இரும்பு உடல் சத்தத்தை எங்கும் கொண்டுபோகும். கண்ணாடியை இறக்கி, நீண்ட மதில் சுவரை ஒட்டி ஒரு முறை போய், திரும்பி வரும்போது மறுபக்கம் சுவர் இருக்கும்படி ஓட்டினால் தெரிந்துவிடும்.

இன்னொரு சத்தம் புதிது. இந்தியாவில் விற்கும் புதிய கார்கள் அனைத்திலும் ஏபிஎஸ் 2019 ஏப்ரலில் கட்டாயமானது. அதன் சென்சார் நக்கிளில் இருக்கிறது. ஒயர் பல கார்களில் ஸ்ட்ரட்டோடு கிளிப்பில் மாட்டப்பட்டிருக்கும். ஸ்ட்ரட்டை மாற்றும்போது சென்சாரின் முகத்தில் இரும்புத்தூள் ஒட்டினாலோ இடைவெளி மாறினாலோ, கார் நிற்கப்போகும் கடைசி நொடியில் சக்கரம் லாக் ஆகிவிட்டதாக யூனிட் தவறாக நினைத்து ‘கட்ரர்’ என்று இயங்கும். பெடலும் காலில் துடிக்கும். இது உலோக உரசலென்று நினைத்து டிஸ்க்கை மாற்றியவர்கள் உண்டு. ஸ்கேனரில் நான்கு சக்கரங்களின் வேகத்தையும் மெதுவாக ஓட்டியபடி பார்த்தால், ஒன்று மட்டும் முன்கூட்டியே பூஜ்யத்துக்கு விழுவது கண்ணுக்கே தெரியும்.

‘ஓட ஓட சரியாயிடும்’ என்ற பதிலிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. மழையில் நின்ற காரின் டிஸ்க்கில் படிந்த மேல்துரு நான்கைந்து பிரேக்கில் போய்விடும். புதுப் பேட் டிஸ்க்கோடு பழகும்வரை லேசாக முனகும். இவை நாளுக்கு நாள் குறைபவை. தட்டல், கடகடப்பு, ஒரு சுற்றுக்கு ஒரு உரசல் ஆகிய எதுவும் தானாகக் குறைவதில்லை. தளர்ந்த போல்ட் ஓட்டத்தில் இறுகியதாக எங்கும் நடந்ததில்லை.

இதையெல்லாம் வீட்டில் செய்யவே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. டார்க் அளவையே பார்க்காமல் ஏர் கன்னால் இறுக்கித் தள்ளும் கடைகளைவிட, கையேட்டைத் திறந்து வைத்து, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு போட்டு வேலை செய்பவர் பொறுப்பானவர். ஆனால் எல்லை ஒன்று உண்டு, அது எண்ணெய் தொடங்கும் இடம். கழற்றிய கேலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடாமல் அதன் ஹோஸிலேயே தொங்கவிட்டிருந்தால், ஹோஸின் உட்சுவர் வெளியே தெரியாமல் கிழிந்து நாக்குபோல மடியக்கூடும். மிதிக்கும்போது எண்ணெய் உள்ளே போகும், விட்டபின் திரும்பாது. பேட் பிடித்தபடியே இருக்கும். ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரத்திலிருந்து மட்டும் கருகிய நெடி வந்தாலோ, ரிம்முக்கு அருகே கையைக் கொண்டுபோகும்போதே ஒரு பக்கம் அனல் அடித்தாலோ, கார் வேலைக்குப் பின் ஒரு பக்கமாக இழுத்தாலோ, பெடல் பஞ்சுபோல அமுங்கினாலோ, சத்தத்தைத் தேடும் கட்டம் முடிந்துவிட்டது. ஹோஸ் மாற்றி, காற்று எடுத்து, எண்ணெய் நிரப்பும் வேலை அனுபவமுள்ள கைக்கு உரியது. அந்தக் கடைக்குக்கூட அந்தக் காரை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைக்கலாம், அல்லது காரை ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்பலாம்.